யாரையும் வாசிக்கச் சொல்லாத ஆய்வு

என்னுடைய எம்.எட். ஆய்வேடு கரும்பச்சை ரெக்சின் அட்டையும் பொன்னெழுத்துமாகக் கல்லூரி நூலகத்தின் கண்ணாடி அலமாரிக்குள் இருக்கிறது. அந்த அலமாரியின் சாவி எங்கே என்று நூலகருக்கே தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் எல்லோருக்கும் நல்லது. உள்ளே இருக்கும் ஆய்வேடுகளில் ஒன்றையாவது யாராவது முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டால், அந்தக் கட்டடத்தை மாட்டுத்தீவனக் கிடங்குக்கு வாடகைக்கு விடுவதே நியாயம் என்று சொல்லிவிடுவார்கள்.

அப்போது எனக்கு முப்பத்து மூன்று வயது. ஒரு மெட்ரிக் பள்ளியில் ஒன்பது வருடமாகத் தமிழ் டீச்சர். எம்.எட். முடித்தால் தலைமையாசிரியை ஆகலாம் என்று நிர்வாகம் ஆசை காட்டியது. மதுரை ஒத்தக்கடையைத் தாண்டி, பிளாட் போட்ட காடுகளுக்கு நடுவே முளைத்திருந்த ஒரு கல்வியியல் கல்லூரியில் சேர்ந்தேன். மொழி, எழுத்தறிவுக் கல்வி என் சிறப்புப் பாடம். வயது வந்த பிறகு எழுத்துக் கூட்ட ஆரம்பிக்கிற ஒருவருக்கு எழுத்து எப்படிப் பிடிபடுகிறது என்று தெரிந்துகொள்ள எனக்கு உண்மையாகவே ஆசை இருந்தது. அந்த ஆசையை நினைத்தால் இன்றைக்குச் சிரிப்பு வருகிறது. அரசு சம்பளம் வாங்கும் ஆளைக் கட்டிக்கொள்ளப் போகும் பெண், மாப்பிள்ளை கவிதை எழுதுவாரா என்று கேட்ட மாதிரிதான் அது.

எனக்கு வழிகாட்டியாக வாய்த்த பேராசிரியரை எல்லோரும் கைடு என்பார்கள். நோகாமல் நுங்கு தின்பவர். மேசையில் செய்தித்தாள், பக்கத்தில் பிளாஸ்க், எதிரில் நிற்கும் மாணவி. இந்த மூன்றில் மாணவியைத்தான் கடைசியாக நிமிர்ந்து பார்ப்பார். பேரையூர்ப் பக்கம் முதியோர் எழுத்தறிவு மையங்களில் படிக்கும் பெண்களின் வாசிப்புத் திறனை ஆராயப் போகிறேன் என்று சொன்னேன்.

"நல்ல டாபிக்மா. முடிவு என்ன?"

"இனிமேத்தான் சார் கண்டுபிடிக்கணும்."

அவர் முதல்முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தார். சோற்றில் கல்லைக் கடித்தவர் முகம்.

"ஏம்மா, முடிவு தெரியாம எப்படி ஆய்வு செய்வ? வாசிப்புத் திறன் உயர் நிலையில் உள்ளதுன்னு போட்டுக்க. அதுதான் யாருக்கும் பிரச்சினை இல்லாத முடிவு. முதல்ல அஞ்சாவது அத்தியாயத்த எழுது. டேட்டா தன்னால வந்து சேரும்."

அவர் கிண்டல் செய்யவில்லை. அந்தக் கல்லூரியில் காலம் காலமாக அப்படித்தான் நடந்திருக்கிறது. கடைசி அத்தியாயத்தை எழுதிவிட்டு அங்கிருந்து பின்னோக்கி நடப்பார்கள். என்னோடு படித்தவர்கள் இதைப் பெரிய சூட்சுமம் போல ஒருவருக்கொருவர் சொல்லிக் கொடுத்தார்கள். அத்தனை பேரும் ஆசிரியர்கள். வகுப்பில் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதும் பிள்ளைகளைப் பெஞ்சு மேல் ஏற்றுபவர்கள்.

ஆய்வுக்கு ஒரு கருவி வேண்டும். கைடு தன் பீரோவைத் திறந்து, அவர் முனைவர் பட்டத்துக்குப் பயன்படுத்திய வினாத்தாளை எடுத்துக் கொடுத்தார். மாணவர்களுக்குக் கணிதத்தின் மேல் உள்ள மனப்பான்மையை அளக்க நாற்பது வாக்கியங்கள் அதில் இருந்தன. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எதிரே முழுமையாக ஒத்துக்கொள்கிறேன், ஒத்துக்கொள்கிறேன், சொல்லத் தெரியவில்லை, மறுக்கிறேன், முழுமையாக மறுக்கிறேன் என்று ஐந்து கட்டங்கள். கணிதம் என்று இருக்கும் இடத்தில் எல்லாம் வாசிப்பு என்று மாற்றிக்கொள்ளச் சொன்னார். மாற்றினேன். பதினேழாவது வாக்கியம் இப்படி ஆயிற்று: 'வாசிப்பில் சூத்திரங்களை நினைவில் வைப்பது எனக்கு எளிது.' இதை எடுத்துவிடலாமா என்று கேட்டேன். நாற்பது முப்பத்தொன்பது ஆனால் கருவியின் நம்பகத்தன்மை போய்விடும் என்றார். அந்த வாக்கியம் இன்றுவரை என் பின்னிணைப்பில் இருக்கிறது.

"சார், நேரா வாசிக்க வச்சே பாத்துரலாமே? ஒரு பத்தி குடுத்து..."

"வாசிக்க வச்சா எப்படிம்மா மார்க் போடுவ? அதுக்கு டூல் கிடையாது. நீ பாட்டுக்குப் புதுசா ஒண்ணக் கெளப்பி விட்டுட்டு, வைவாவுல நான் பதில் சொல்லணுமா?"

எனக்குக் கோபம் வந்தது. வந்த கோபத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, நாற்பது வாக்கியங்களையும் நூறு நகல் எடுக்கப் போனேன்.

பங்குனி வெயிலில் திருமங்கலம் போய், பஸ் மாறிப் பேரையூர் போய், அங்கிருந்து மினி பஸ் பிடித்து ஒரு ஊரில் இறங்கினேன். இருபுறமும் சீமைக்கருவேலம், நடுவே அறுத்து முடிந்த மக்காச்சோளத் தட்டை. பள்ளிக்கூடத்தின் ஒரு வகுப்பறைதான் மையம். நூறு நாள் வேலையை முடித்துவிட்டு வந்த பெண்கள் இரண்டாம் வகுப்புப் பெஞ்சுகளில் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தார்கள். சொல்லிக்கொடுக்கும் பெண் அன்றைக்கு வரவில்லை. மதுரையிலிருந்து டீச்சர் வருகிறார் என்று சொல்லி வைத்திருந்ததால் எனக்குக் கலர் பாட்டில் வாங்கி வைத்திருந்தார்கள்.

வினாத்தாளைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு என் முகத்தையே பார்த்தார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாற்பது வாக்கியங்களை ஒருவர் தானே வாசித்து, ஐந்து கட்டங்களின் தலைப்பையும் வாசித்து, ஒன்றில் டிக் போட முடிந்தால் அவருக்கு வாசிக்கத் தெரியும், ஆய்வே தேவையில்லை. முடியாவிட்டால் இந்தக் கருவியால் பயனில்லை. இது கைடுக்குத் தோன்றவில்லை. துறைத்தலைவர், முதல்வர் என்று கையெழுத்துப் போட்ட யாருக்கும் தோன்றவில்லை. ஒன்பது வருடம் வகுப்பெடுத்த எனக்கு, இத்தனை பஸ் மாறி வந்து அந்தப் பெஞ்சுக்கு முன்னால் நிற்கும் வரை தோன்றவில்லை.

தோன்றிய பிறகு என்ன செய்தேன் என்பதுதான் கேவலம். தாள்களைத் திரும்ப வாங்கிக்கொண்டு, நானே வாசித்து நானே டிக் போட்டேன்.

"வாசிப்பு எனக்குப் பிடிக்கும். இதுக்கு என்ன சொல்றீக?"

"ஆமா போட்டுக்கங்க."

"புதிய பத்தியை நான் தடையின்றி வாசிப்பேன்."

"ஆமா போடுங்க டீச்சர். வெயில்ல அம்புட்டுத் தூரம் வந்திருக்கீக."

முன்பெஞ்சில் இருந்த ஒரு அம்மா இன்னும் நேராகவே கேட்டார்: "எதுல டிக்கு போட்டா உங்களுக்குப் பாஸு? அதுலயே போட்டுக்கங்களேன்."

எல்லோரும் சிரித்தார்கள். வீடு தேடி வந்தவரை வெறுங்கையோடு அனுப்பும் பழக்கம் அந்தப் பக்கத்தில் கிடையாது. எனக்கு வேண்டியது டிக் என்று தெரிந்ததும் கை நிறைய அள்ளிக் கொடுத்தார்கள். சூத்திரங்களை நினைவில் வைப்பது எளிதா என்று கேட்டதற்கும் ஒருவர் பாக்கியில்லாமல் ஆமாம் என்றார்கள்.

கடைசியாக ஒரு அக்கா மட்டும் எழுந்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நாற்பதைத் தாண்டியவர். கல்யாண வீடுகளில் சமையலுக்குப் போகிறவர் என்று கையில் இருந்த தீக்காயத் தழும்புகளே சொல்லின. கணவர் லோடு வண்டி ஓட்டுகிறார், மகள் மதுரையில் ஹாஸ்டலில் தங்கி நர்சிங் படிக்கிறாள் என்றார். அந்தப் பள்ளிக்கூடத்துச் சத்துணவு மையத்தில் சமையல் உதவியாளர் இடம் காலியாக இருந்தது. அதற்கு மனுப் போட்டிருந்தார்.

"எழுதப் படிக்கத் தெரியணுமாம் டீச்சர். பேப்பரக் கையில குடுத்து வாசிக்கச் சொல்வாகளாம். எம் பேரு எழுதிருவேன். இங்கன எல்லாரும் சேந்து சொல்லும்போது நானும் சொல்லிருவேன். தனியா வாசிச்சா வருமா வராதான்னு எனக்கே தெரியல. நீங்க ஒரு பரிட்ச வச்சுப் பாருங்க. இல்லைன்னா இல்லைன்னு சொல்லிருங்க, இன்னும் ரெண்டு மாசம் கெடக்கு."

என் இரண்டு வருடப் படிப்பில் வாசிப்பைப் பற்றி ஒருவர் கேட்ட ஒரே புத்தியுள்ள கேள்வி அதுதான். எந்த அத்தியாயத்திலும் அது இல்லை. என் பைக்குள் ஒரு செய்தித்தாள் இருந்தது. எடுத்துக் கொடுத்து, இந்தத் தலைப்பை வாசிங்கக்கா என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். நாலு மணி மினி பஸ்ஸுக்கு இன்னும் பத்து நிமிடம்தான் இருந்தது. அதை விட்டால் அடுத்தது ஆறரைக்கு.

"முதல்ல இத முடிச்சிரலாம்க்கா" என்று சொல்லி, நாற்பது வாக்கியங்களையும் வேக வேகமாக வாசித்தேன். பரீட்சை வைக்கிறேன் என்று அவர் நினைத்துக்கொண்டார். முதுகை நேராக்கி உட்கார்ந்து, ஒவ்வொன்றுக்கும் யோசித்து யோசித்துப் பதில் சொன்னார். பாதி வாக்கியங்களுக்கு மேல் நான் அவர் யோசிக்கும் வரை காத்திருக்கவில்லை. முழுமையாக ஒத்துக்கொள்கிறேன் என்ற கட்டத்தில் மேலிருந்து கீழாக டிக் போட்டுக்கொண்டே போனேன். தாளின் தலையில் பெயருக்குப் பதிலாக ஒரு மாதிரி எண்ணை எழுதிவிட்டு, அவர் போன் நம்பரை வாங்கிக்கொண்டு, மினி பஸ்ஸுக்கு ஓடினேன்.

அதுபோல இன்னும் இரண்டு ஊர் போனேன். முப்பத்தைந்து பேர் தேறினார்கள். நூறு பேர் இருந்தால்தான் ஆய்வுக்கு லட்சணம் என்றார் கைடு. மீதிப் பெண்களைக் கல்லூரி வராந்தாவில் வைத்தே உருவாக்கினோம். மதியச் சாப்பாடு முடிந்ததும் தோழிகள் வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கொரு கட்டு எடுத்துக்கொண்டார்கள். ஒரே கையெழுத்தாகத் தெரியக்கூடாது என்று ஆளுக்கொரு பேனா. ஒருத்தி மட்டும் இடையிடையே 'மறுக்கிறேன்' போட்டாள். அப்போதுதான் இயற்கையாக இருக்குமாம். அவளுக்கு அந்த வருடம் சிறந்த ஆய்வாளர் என்று ஷீல்டு கொடுத்தார்கள்.

தட்டச்சுக்கும் கணக்கீட்டுக்கும் மேலூர் ரோட்டில் ஒரு டி.டி.பி. கடை இருந்தது. அந்த அண்ணன் பத்தாம் வகுப்பு வரை படித்தவர். எங்கள் கல்லூரியில் புள்ளியியல் தெரிந்த ஒரே ஆள் அவர்தான் என்று அடித்துச் சொல்வேன், அவர் கல்லூரியில் வேலை பார்க்கவில்லை என்பது மட்டும்தான் குறை.

"என்ன டாபிக் தங்கச்சி? மனப்பான்மையா, அடைவுத் திறனா?"

"வாசிப்புத் திறன்ணே."

"சரி, மனப்பான்மதான். ரெண்டாவது அத்தியாயம் எங்கிட்டயே கெடக்கு. ஊரு பேர மட்டும் மாத்திக்கிருவோம்."

எந்த மாவட்டத்தில் யார் செய்த ஆய்வோ, கடலோரத்து மீனவப் பெண்களைப் பற்றியது. ஊர்ப் பெயரை எல்லாம் பேரையூர் என்று மாற்றினார். கடலை மாற்ற மறந்துவிட்டார். 'பேரையூர் வட்டக் கடலோரப் பெண்கள் அலைகளின் சீற்றத்துக்கு இடையிலும் கல்வியில் ஆர்வம் காட்டுகின்றனர்' என்று என் ஆய்வேட்டில் ஒரு வாக்கியம் உண்டு. அந்தப் பக்கம் கண்மாயிலேயே தண்ணீர் கிடையாது. அச்சான பிறகுதான் நானே அதைப் பார்த்தேன். கைடு ஒன்று, கடை ஒன்று, நான் ஒன்று. எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி?

அந்தக் கடையில் பக்க எண்கள் தாறுமாறாகிப்போய், அண்ணனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த ஒரு மதியத்தில் போன் வந்தது. அந்த அக்காதான்.

"டீச்சர், அடுத்த மாசக் கடைசியில ஒன்றிய ஆபீஸுக்கு வரச் சொல்லிருக்காக. அன்னைக்குப் பரிட்ச வச்சீகளே, நான் தேறிட்டேனா?"

திரையில் பட்டியல் திறந்தே இருந்தது. அவருடைய மாதிரி எண்ணைத் தேடினேன். அவர் மையத்தில் எடுக்கப்பட்ட தாள்களில் அதிக மதிப்பெண் அவருக்குத்தான். நான் அவசரத்தில் மேலிருந்து கீழாகப் போட்ட டிக்குகளின் கூட்டுத்தொகை அது. எனக்கு அது தெரியும். தெரிந்தும் சொன்னேன்.

"உங்க சென்டர்லயே நீங்கதான்க்கா முதல்."

"நெசமாவா?"

"நெசமாத்தான். தைரியமாப் போயிட்டு வாங்க."

"நீங்க சொன்னாச் சரி டீச்சர். வச்சுர்றேன்."

பொய் சொல்கிறோம் என்று அந்த நேரத்தில் தோன்றவே இல்லை. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்கு என் மேல் அருவருப்பாக இருக்கிறது. பட்டியலில் இருக்கிறது, நான் சொன்னேன், அவ்வளவுதான். என் கைடை எவ்வளவு ஏளனமாகப் பார்த்தேனோ, அந்த ஆளாகவே நான் மாறிக்கொண்டிருந்தேன், பிளாஸ்க்தான் பாக்கி.

வைவா என்ற வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து தேர்வாளர் வந்தார். காலையில் முதல் வேலையாக மதியத்துக்கு மட்டனா சிக்கனா என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். வண்டியூர் தெப்பக்குளத்தில் தண்ணீர் நிறைந்து கிடக்கிறதாமே, சாயங்காலம் யாராவது கூட்டிப் போவீர்களா என்று அடுத்த கேள்வி. என் ஆய்வேட்டைப் புரட்டினார். கடலோரப் பெண்கள் இருந்த பக்கத்தில் அவர் விரல் நின்றது.

"இந்தப் பக்கத்துல மார்ஜின் கம்மியா இருக்கேம்மா."

"மாத்திடறேன் சார்."

"மத்தபடி பிரமாதம். எழுத்தறிவு இம்புட்டு முன்னேறியிருக்குன்னு பாக்கவே சந்தோசமா இருக்கு."

கைடு பெருமையாகத் தலையாட்டினார். எல்லோரும் பிரியாணிக்கு எழுந்தார்கள். நானும் சாப்பிட்டேன். நன்றாகவே இருந்தது.

ஆய்வு நடந்த மையத்துக்கு ஒரு பிரதி கொடுத்து, வாங்கிக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கி வர வேண்டும் என்று கல்லூரியில் ஒரு விதி இருந்தது. நேர்மையாகக் கடைப்பிடிக்கப்பட்ட ஒரே விதி அதுதான், ஏனென்றால் அந்தக் கையெழுத்து இல்லாவிட்டால் சான்றிதழ் தரமாட்டார்கள். ஆகவே மறுபடியும் திருமங்கலம், பேரையூர், மினி பஸ். மையத்தில் அன்றைக்கு அந்த அக்கா தனியாக உட்கார்ந்து சிலேட்டில் எழுதிக்கொண்டிருந்தார். வேலை கிடைத்துவிட்டதா என்று சிரித்துக்கொண்டே கேட்டேன்.

"இல்ல டீச்சர்" என்றார். குரலில் கோபம் இல்லை. "பேப்பரக் குடுத்தாக. மொத வரியில ரெண்டு எழுத்துதான் தெரிஞ்சிச்சு. பெறகு எல்லாம் எறும்பு மாதிரி ஊறுது. படிம்மான்னு அந்த ஆபீசரு சொல்றாரு. பின்னால வரிசையில நிக்கிற பிள்ளைக எல்லாம் பாக்குதுக. எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியாம, மதுர டீச்சர் பரிட்ச வச்சு என்னயத்தான் மொதல்னு சொல்லிருக்காக சார்னு சொன்னேன். அம்புட்டுப் பேரும் சிரிச்சிட்டாக."

பையிலிருந்து ஆய்வேட்டுப் பிரதியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன்.

"நீங்க போன்ல சொன்ன பெறகு, எம் மக லீவுல வந்து ஒரு மாசம் வீட்டுல இருந்தா. தெரியாதுன்னு நீங்க சொல்லிருந்தா, அவகிட்ட உக்காந்திருப்பேன். நான்தான் தேறிட்டேனேன்னு சும்மா இருந்துட்டேன்." சிலேட்டைக் கீழே வைத்துவிட்டு என் கையில் இருந்த பச்சைப் புத்தகத்தைப் பார்த்தார். "இதுல நான் இருக்கனா?"

பேர் இருக்காது, எண்தான் இருக்கும் என்றேன். காட்டச் சொன்னார். பின்னிணைப்பைப் பிரித்து, அவருடைய எண்ணுக்கு நேரே இருந்த கட்டத்தைக் காட்டினேன். என்ன போட்டிருக்கிறது என்று அவர் என்னைக் கேட்கவில்லை. புத்தகத்தைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டு, கட்டத்தின் மேல் விரலை வைத்தார்.

"உ..." என்றார். நிறுத்தினார். "ய... ர்... உயரு. உயர்." விரல் நகர்ந்தது. அடுத்த எழுத்தில் வெகுநேரம் நின்றது. உதடு மட்டும் அசைந்தது. நான் வாயைத் திறக்கப் போனேன், கையை உயர்த்தித் தடுத்துவிட்டார். "நி... நில... நிலை. உயர் நிலை."

என் ஆய்வில் ஒருவர் வாசித்து நான் கேட்டது அப்போதுதான்.

புத்தகத்தை மூடி என்னிடமே நீட்டினார்.

"ரெண்டு வார்த்தைக்கு எனக்கு இம்புட்டு நேரம் ஆகுது டீச்சர். இத நீங்க அன்னைக்கே கேட்டிருக்கலாம்ல?"

கையெழுத்து வேண்டும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் கையில் இருந்த ரசீதுத் தாளை அவரே பார்த்துவிட்டு வாங்கினார். பெஞ்சில் வைத்து, ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரை எழுதிக் கொடுத்தார். பிரதியைப் பெஞ்சிலேயே வைத்து, நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன். அன்றைக்கும் நாலு மணி மினி பஸ்ஸை நான் தவறவிடவில்லை.